காலி பாட்டிலும் வேலை செய்தது

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரைப் பற்றி என் காதுக்கு வந்த முதல் செய்தியே ஒரு புகார்தான். "எந்தச் சோதனை செஞ்சாலும் கூடவே ஒரு காலி பாட்டில் வைக்கச் சொல்லி நூர் மேடம் உயிர வாங்குதாங்க" என்று கேன்டீனில் பேசிக்கொண்டீர்களாம். மருந்து இருந்த பாட்டிலைப் போலவே இன்னொன்றை எடுத்து, அதில் வெறும் ஆல்கஹாலை ஊற்றி, அதே நாட்கள் அதே ஃப்ரீசரில் வைத்து, அதையும் செல்கள் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் வேலை, முடிவில் ஒன்றும் வராது. இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். கரைப்பானை மட்டும் போட்டுப் பார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதே மாதிரிப் பாட்டிலில் அதே நாட்கள் ஊற்றிவைத்துப் போடு என்று இருக்காது. அது நான் செய்த தப்பில் பிறந்த சட்டம்.

நூர் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். என்னைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும் என்று நினைக்கிறாள். நான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. இனி யார் வந்து எனக்கு மெமோ கொடுக்கப் போகிறார்கள்? நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் லேப் இன்று இருக்கும் கோலத்தில் அன்று இல்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு கல்லூரியின் மாடியில் இரண்டு அறை, ஒரு இன்குபேட்டர், அதைவிட வயதான ஒரு ஃப்ரீசர், நான், நூர். சாரல் காலம் வந்தால் ஜன்னல் கட்டையில் பூஞ்சை பூக்கும்; அது செல்களுக்குள் போய்விடக் கூடாதே என்று இருவரும் ஜூன், ஜூலை முழுவதும் துணியும் கையுமாகத் திரிவோம். நூர் கடையநல்லூர்ப் பெண். அப்பா தறி நெய்தவர். எதையும் இழை எண்ணிப் பார்த்த பிறகுதான் நம்புவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நாங்கள் பார்த்தது குடலின் உட்சுவர் செல்களை. குடலில் அழற்சி வரும்போது அந்தச் செல்கள் காக்ஸ்-2 என்கிற நொதியை நிறையச் செய்ய ஆரம்பிக்கும். வலி, வீக்கம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. எங்கள் தட்டுகளில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கொஞ்சம் விட்டால், அது செல்லுக்குள் இருக்கும் தன் ஏற்பியில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் காக்ஸ்-2 குறையும். ஏற்பியை அடைக்கும் மருந்தை முதலில் போட்டுவிட்டால் ஹார்மோனுக்கு உட்கார இடம் கிடைக்காது, நொதி குறையாது. திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, அந்த வேலைதான். இது பல வருடம் நாங்கள் பார்த்துப் பார்த்துச் சலித்த விஷயம்.

அப்புறம் ஒரு இலை வந்தது. குற்றாலம் மலைப்பக்கம் வளரும் ஒரு செடி, வயிற்றுக் கடுப்புக்கு அரைத்துக் குடிப்பார்கள். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே மலையில் ஒரு இலை மிஞ்சாது. நூர் அதன் சாற்றை ஆல்கஹாலில் எடுத்து, ஒரு பழுப்பு நிறப் பாட்டிலில் வைத்து, செல்களில் போட்டாள். காக்ஸ்-2 பாதிக்கும் கீழே இறங்கியது. ஏற்பியை அடைத்துவிட்டுப் போட்டாள். இறங்கவில்லை. அதாவது இலையில் இருக்கும் ஏதோ ஒன்று ஹார்மோனின் அதே இடத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அத்தனை வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத மாடி அறையிலிருந்து இப்படி ஒன்று வந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

மார்ச்சில் கல்லூரி ஆண்டு விழா. ஒரு பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினர், அதனால் போலீஸ் பாதுகாப்பு. என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது இதுதான்: "குடல் புண்ணுக்கு மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை என்ன செய்கிறதோ, அதை நம் மலையின் இலையும் செய்கிறது." தட்டில் இருக்கும் செல் வேறு, மனிதன் வேறு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். முதல் வருட மாணவிகளுக்கு நானே நடத்தும் பாடம் அது. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையிலும் வந்தது. வெட்டி வைத்துக்கொண்டேன்.

விழா முடிந்து நானும் நூரும் இறங்கும்போது, பாதுகாப்புக்கு வந்திருந்த ஒரு பெண் கான்ஸ்டபிள் அருகில் வந்தாள். சிவகிரிப் பக்கத்துப் பெண், பெயர் கோமதி, முப்பது வயதுகூட இருக்காது. முகம் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் உப்பியிருந்தது. தனக்குப் பெருங்குடலில் புண் என்றாள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாளாம், முகம் ஊதியது அதனால்தான்.

"இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போக முடியல மேடம். பூசணின்னு பேரு வச்சிட்டாங்க. அந்த வயித்துக்கடுப்பு எல எங்க பக்கமும் உண்டு. நானும் சாப்பிடலாமா?"

"எலதானம்மா, என்ன செய்யப்போவுது?" என்றேன். யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று விநாடி ஆகியிருக்கும். அந்தப் போட்டோ இப்போது என்னிடம் இல்லை.

ஜூன் வந்தது, குற்றால சீசன் தொடங்கியது. நூர் ஆய்வேட்டை முடிக்கும் கட்டத்தில் இருந்தாள். கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை துபாயிலிருந்து வரும் தேதிகூட முடிவாகியிருந்தது. அதற்குள் ஏட்டைக் கொடுத்துவிட வேண்டும். முதலில் எடுத்த சாறு தீர்ந்துபோக, அவள் புதிதாகச் சாறு எடுத்தாள். அந்தத் தடவை புதுப் பாட்டில்கள் வந்திருந்தன, அதில் ஊற்றினாள். செல்களில் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. காக்ஸ்-2 இம்மியும் அசையவில்லை.

"கை சரியில்ல, திரும்பச் செய்" என்றேன். திரும்பச் செய்தாள். ஒன்றுமில்லை. "மழைத் தண்ணி குடிச்ச எல, சத்து எறங்கியிருக்கும். வெயில்ல பறிச்சது மிச்சமிருக்கா பாரு" என்றேன். வெயில் காலத்தில் பறித்துக் காயவைத்தது கொஞ்சம் இருந்தது. அதிலும் செய்தாள். ஒன்றுமில்லை. பிடித்த முடிவை விடாமல் இருக்க மனம் எத்தனை காரணம் கண்டுபிடிக்கும் என்பதை அந்த மூன்று வாரத்தில் நான் என்னிடமே பார்த்தேன். அன்று அது எனக்கு விஞ்ஞானமாகத்தான் தெரிந்தது.

நாலாவது வாரம் ஒரு காலையில் நூர் இரண்டு வரைபடங்களை என் மேஜை மேல் வைத்தாள். இரண்டும் ஒன்று போலவே இருந்தன. காக்ஸ்-2 இறங்கியிருந்தது, ஏற்பியை அடைத்த இடத்தில் இறங்காமல் இருந்தது.

"பாத்தியா, வந்துட்டுல்லா" என்றேன்.

"ஒண்ணு மார்ச்சுல பழைய எலைச்சாறப் போட்டு எடுத்த படம் மேடம். இன்னொண்ணுல எலையே இல்ல. அந்தப் பழைய பாட்டில்ல வெறும் ஆல்கஹால ஊத்தி ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல படுக்க வச்சிருந்தேன். அதத்தான் போட்டேன்."

எனக்குக் கோபம் வந்தால் புத்தகத் தமிழ் போய்விடும். "ஏட்டி, யாரு ஒன்ன இதச் செய்யச் சொன்னா?" என்று கத்தினேன். அவள் பழைய பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். அவளுடைய லேபிளை அவளே உரித்திருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு லேபிள், மங்கிப்போன நீல மை, என் கையெழுத்து. அவள் சேருவதற்கு முன்னால் நான் ஈஸ்ட்ரோஜன் கரைத்து வைத்திருந்த பாட்டில் அது.

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எங்களிடம் பாட்டில் வாங்க வழியில்லாத காலம் ஒன்று இருந்தது. கழுவினால் புதுசு என்பது நான் போட்ட விதி. சோப்புத் தண்ணீர், அப்புறம் காய்ச்சி வடித்த நீர், அப்புறம் சூட்டு அடுப்பு. பாட்டில் சுத்தமாகத்தான் இருந்தது. மூடியை யார் பார்த்தது? மூடிக்குள் ஒரு ரப்பர் வட்டம் உண்டு. அதை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று வெறும் சோப்பில் அலசி மாட்டிவிடுவோம். ஹார்மோன் தண்ணீருக்கும் சோப்புக்கும் மசிவதில்லை. ரப்பருக்குள் ஊறி உட்கார்ந்துவிடும். ஆல்கஹால் வந்து தொட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரும். இடம் மிச்சம் என்று நாங்கள் பாட்டில்களைப் படுக்க வைத்ததும் அதற்கு வசதியாகப் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், செல் உணர்ந்துவிடும். ஏற்பியை அடைத்தால் வேலை நின்றது என்று நான் துள்ளினேனே, அது நிற்காமல் என்ன செய்யும்? உள்ளே இருந்தது ஹார்மோனேதான்.

நூரின் மூன்று வருட வேலையில் பாதி அந்த மேஜை மேல் செத்துக் கிடந்தது. அவளே கண்டுபிடித்து, அவளே கொண்டுவந்து வைத்தாள். வாயை மூடிக்கொண்டு பழைய முடிவை ஏட்டில் எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அவள் மேல் கோபமும் என்னை நினைத்து வெட்கமும் ஒன்றாக வந்தன. கோபம் கொஞ்ச நேரத்தில் போனது. வெட்கம் போகவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் நான் திட்டம் போட ஆரம்பித்தேன். மிச்சமிருந்த ஆறு பழைய மூடிகளையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், புது ரப்பரோடு ஒப்பிட வேண்டும், இரண்டு தடவையாவது திரும்பச் செய்ய வேண்டும், அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. ஒழுங்கான விஞ்ஞானி அப்படித்தான் செய்வார் என்று நோட்டில் வரிசையாக எழுதினேன்.

நூர் நின்றுகொண்டே இருந்தாள்.

"மேடம், அந்தப் போலீஸ் அக்கா கேட்டாங்கல்லா, எல சாப்பிடலாமான்னு. அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் உறுதியாகலையே நூர். பத்து நாள் பொறு. தப்பாச் சொல்லிட்டா அதுவும் அசிங்கம்."

"பேப்பருக்குப் பத்து நாள் பொறுக்கலாம் மேடம். அந்த அக்கா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்கன்னா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒன்றை உண்மை என்று உலகத்துக்குச் சொல்ல எத்தனை உறுதி வேண்டுமோ, அத்தனை உறுதி ஒருவரை எச்சரிக்க வேண்டியதில்லை. முப்பது வருடம் பாடம் நடத்தியவளுக்கு இது தெரியவில்லை. மேடையில் அதைச் சொல்ல நாலு மாதம் முன்னால் எனக்கு எந்த உறுதியும் தேவைப்படவில்லை. திரும்ப வாங்கிக்கொள்ள மட்டும் ஆறு மூடியும் பத்து நாளும் கேட்டேன்.

ஸ்டேஷனுக்குப் போன் செய்தோம். கோமதி குற்றாலத்தில் சீசன் டூட்டி, மெயின் அருவியில் பெண்கள் பக்கம் என்றார்கள். நூரின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அன்று அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டுத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தலையில் எண்ணெய் வழிய, ஈரத் துணியோடு கூட்டம் எதிரே வந்தது. அதற்கு நடுவில் ஒரு பெண் விசில் ஊதிக்கொண்டு நின்றாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முகத்து வீக்கம் பெரும்பாலும் வடிந்து, கன்னம் ஒட்டி, லட்சணமாக இருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

கூட்டம் வடிந்ததும் பக்கத்தில் போனேன்.

"மாத்திரைய விட்டுட்டியாம்மா?"

அவள் சிரித்தாள். "விட்டு ஒரு மாசமாச்சு மேடம். மார்ச்சுலேருந்து மாத்திரையும் எலையும் சேத்துத்தான் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. சரி, எலதான் கேக்குதுன்னு மாத்திரைய விட்டுட்டேன். மூஞ்சியப் பாத்தீங்களா?"

நான் பாட்டிலில் செய்த தப்பையே அவள் தன் உடம்பில் செய்திருந்தாள். இரண்டு பொருளில் எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்காமல், பிடித்ததற்குப் பேர் கொடுத்துவிட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

"இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டது நூர்.

பக்கத்தில் யாரும் இல்லையே என்று கோமதி பார்த்துக்கொண்டாள். "ரெண்டு நாளா ரத்தம் போவுது. காலைலேருந்து ஏழு தடவ போயிட்டேன். இங்கன இருக்கதே ஒரு பாத்ரூம், அதுலயும் வரிசை. சீசன்ல லீவு கேட்டா குடுப்பாங்களா? அதான் சாப்பிடாம நிக்குதேன்."

அருவிச் சத்தத்தில் எனக்குக் கத்திச் சொல்ல வராமல், அவள் காதருகே குனிந்து சொன்னேன். இலை வேலை செய்யவில்லை, நான் சொன்னது தப்பு, பாட்டிலில் தப்பு நடந்துவிட்டது, ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, இப்போதே டாக்டரிடம் போக வேண்டும். எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை. விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டாள்.

"அன்னைக்கு மைக்ல சொன்னீங்க மேடம். இன்னைக்குக் காதுல சொல்லுதீங்க."

 

இன்ஸ்பெக்டரிடம் நானே பேசினேன். அங்கிருந்து ஒரு ஆட்டோ பிடித்து நேராகத் தென்காசியில் அவள் பார்க்கும் டாக்டரிடம் போனோம். பாதி வழியில் கோமதிக்குத் தலை சுற்றி, நூரின் மடியில் சாய்ந்துவிட்டாள். டாக்டர் அவளைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா குடல வெட்டி எடுக்குத நெலமைக்குப் போயிருக்கும். நீங்கல்லாம் லேப்ல ஒண்ணு கண்டுபிடிச்சிருதீங்க, நாங்க வார்டுல கெடந்து அல்லாடுதோம்" என்றார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தினமும் சாயங்காலம் நானும் நூரும் போய் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாளிலிருந்து எங்களோடு பேசினாள், பெரும்பாலும் நூரோடு.

நூரின் ஏடு பத்து மாதம் தள்ளிப்போனது. மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுத்தார்கள். கல்யாணத்தை முடித்துக்கொண்டு இங்கேயே இருந்து எழுதினாள். அந்த ரப்பர் வட்டத்தைப் பற்றி ஒரு முழு அதிகாரம் உண்டு. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்த அதிகாரத்தைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. அவள் இன்று உங்களுக்கு மேடமாக உட்கார்ந்திருப்பது அதனால்தான் என்று நான் சொல்லுவேன், அவள் மறுப்பாள்.

ஆகஸ்டில் கல்லூரியில் சுதந்திர தின விழா. எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்று முதல்வரிடம் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பத்திரிகைல நாலு வரி திருத்தம் போட்டா போதும்லா மேடம்? மேடைல ஏறிச் சொல்லணுமா? காலேஜ் பேரு இருக்கே."

"மேடைலதான் சொன்னேன் சார்" என்றேன்.

அன்று தூறிக்கொண்டிருந்தது, அதனால் விழாவை அதே அரங்கில் வைத்தார்கள். அதே மைக். மார்ச்சில் நான் சொன்னது தப்பு என்றேன். இலை அல்ல, பாட்டில் என்றேன். அந்தப் பாட்டில் என்னுடையது என்றேன். இதை நம்பி யாராவது மாத்திரையை விட்டிருந்தால் இன்றைக்கே உங்கள் டாக்டரைப் பாருங்கள், அண்டை அயலில் அப்படி யாரும் இருந்தால் போய்ச் சொல்லுங்கள் என்றேன்.  பெயர் சொல்லாமல், ஒரு பெண் இதனால் ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்றும் சொன்னேன். அந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். முடித்தபோது கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தட்டவில்லை.

இறங்கி வெளியே வந்தால் வாசலில் கோமதி நின்றாள். சீருடை இல்லை, சேலை கட்டியிருந்தாள். மாத்திரை திரும்ப ஆரம்பித்ததில் முகம் மறுபடி உப்பியிருந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை; நூர் மட்டும் தேதியைச் சொல்லியிருக்கிறாள்.

 அவள் குடையை விரித்துக்கொண்டாள்.

"கடைசி வரிசைலதான் இருந்தேன் மேடம். நல்லாக் கேட்டுச்சு."